தொப்பியை வைத்து ஈக்யூ போடுவது

புது ஹெட்போன் கைக்கு வந்தால் நான் முதலில் போட்டுக் கேட்பது ஒரு தனியாவர்த்தனம். அதிலும் வலந்தலைப் பக்கம் உடனே காதைக் கொடுக்க மாட்டேன், தொப்பிதான். மிருதங்கத்தின் இடது பக்கத்தை அப்படித்தான் சொல்வோம். கச்சேரிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவோம். தட்டிப் பார்த்து, இன்னும் கீழே இறங்க வேண்டுமென்றால் இன்னொரு சிட்டிகை ரவை. ரொம்ப இறங்கிப் போய் 'தொம்' என்று அமுங்கினால் விரலால் கொஞ்சம் வழித்து எடுத்துவிடுவோம். இதைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து செய்து வருவதால், அந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பது காதுக்குத் தெரிந்ததைவிட என் இடது உள்ளங்கைக்கு நன்றாகத் தெரியும்.

நான் வித்வான் இல்லை. கும்பகோணத்தில் பகலெல்லாம் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பஜனை மடத்திலும், ஆள் கிடைக்காத நேரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் வாசிப்பதோடு சரி. ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஹெட்போனில் கச்சேரி கேட்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம்.

தொப்பி விஷயத்தில் ஹெட்போன்கள் இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, கும்கி இழுக்கும்போது நாதம் வழுக்கி மேலே ஏறுவது தெரியாமல் எல்லாம் ஒரே 'பும்' ஆகிவிடும். மணிக்கட்டால் தோலை அழுத்தித் தேய்க்கிற அந்த நுணுக்கம் போய், பக்கத்துத் தெருக் கல்யாணத்து ஸ்பீக்கர் கேட்பது போல் ஆகிவிடும். இன்னொன்று, 'டக் டக்' என்று வறண்டு போய், இடது கையே இல்லாமல் வாசிப்பது போல இருக்கும். நடுவில் சரியாக நிற்கிற ஹெட்போன் எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததில்லை. ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குகிற ஈக்யூ (ஈக்வலைசர்) பக்கம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

"நல்ல ஹெட்போன் வாங்கினால் ஈக்யூ எதற்கு? அது ஒலியைக் கெடுக்கும்" என்று சொல்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பழைய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் அஞ்சு குமிழ்களையும் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வைத்துவிட்டு அதையே முப்பது வருஷம் கேட்டவர் அவர். அது ஈக்யூ இல்லையாம்!

உண்மையில் எந்த ஹெட்போனையும் அதைச் செய்தவர் ஏற்கெனவே ஈக்யூ போட்டுத்தான் அனுப்புகிறார். எலெக்ட்ரானிக்ஸால் இல்லாவிட்டால் பஞ்சாலும் ஓட்டையாலும் போடுகிறார். வேறு வழியும் கிடையாது. நேரில் கேட்கும் ஒலி நம் தோளிலும் தலையிலும் காது மடலிலும் பட்டு மாறித்தான் செவிப்பறைக்குப் போகிறது. காதுக் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம், உள்பக்கம் அடைபட்டது. அதனால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே அதுவே ஒத்ததிர்ந்து ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். நாம் பிறந்ததிலிருந்து உலகத்தை அந்தத் தூக்கலோடுதான் கேட்கிறோம். ஹெட்போன் இந்தப் பாதையில் பாதியைத் தாண்டி நேராகக் காதுக்குள் ஊதுகிறது. ஆகவே செவிப்பறையில் எல்லா ஹெர்ட்ஸும் ஒரே அளவில், தட்டையான கோடாக வருமாறு ஒரு ஹெட்போன் செய்தால் அது மந்தமாக, குரல் பின்னால் போனதாகத்தான் கேட்கும். எவ்வளவு தூக்கல் வேண்டும் என்பது தலைக்குத் தலை, காதுக்குக் காது மாறும்.

அப்படியானால் யாருடைய காதுக்கு அளவு எடுப்பது? ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு 2012 வாக்கிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தது. பலரை உட்காரவைத்து, ஹெட்போனின் பெயர் தெரியாமல் கேட்கவைத்து, எது பிடிக்கிறது என்று கேட்டு வரைந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் ஹார்மன் டார்கெட், அதாவது ஹெட்போன் எட்ட வேண்டிய இலக்குக் கோடு. நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ ஏறக்குறைய அப்படி, 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ், அதாவது அடி ஒலி, சற்றுத் தூக்கலாக இருக்கும். பிறகு 2019-ல் வெளியிட்ட ஆய்வில் கேட்பவர்களைப் பிரித்தும் பார்த்தார்கள். 64 சதவீதம் பேருக்கு அந்தக் கோடு அப்படியே பிடித்தது. 15 சதவீதம் பேருக்கு இன்னும் பேஸ் வேண்டும். 21 சதவீதம் பேருக்குக் குறைவாக வேண்டும்.

என் வீட்டில் அந்த 15-ம் 21-ம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். மகள் லீவுக்கு வரும்போது என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு கேட்பாள்.

"என்னப்பா இது, போன்ல பேசற மாதிரி இருக்கு. உயிரே இல்ல."

"பேஸ் இருக்கும்மா, நல்லா கவனி."

"கவனிச்சாத்தான் தெரியும்னா அது பேஸே இல்லப்பா."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் கேட்கும் பாட்டுகளில் கிக் டிரம் 60 ஹெர்ட்ஸ் பக்கம் நின்று இடிக்கவே பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அவளுக்குத் தனியாக ஒரு ப்ரொஃபைல், அதாவது சேமித்து வைத்த ஈக்யூ அமைப்பு, போட்டுக் கொடுத்துவிட்டேன். பெயரும் அவளே வைத்தாள், 'அப்பா தொடக்கூடாது'.

சரி, வேலைக்கு வருகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் போதும். அதை வெறும் எழுத்துக் கோப்பாகத் திருத்துவது கஷ்டமாக இருந்தால் மேலே பீஸ் என்ற முகப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கிறது. யாக்கோ பசானென் உருவாக்கிய ஆட்டோஈக்யூ திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு, யாரோ அளந்த கோட்டை வைத்துக் கணக்கிட்ட திருத்தங்கள் உண்டு. வேவ்லெட் அதையே உள்ளுக்குள் எடுத்துக்கொள்கிறது. ப்ளூடூத் ஹெட்போன் என்றால் அந்தந்த நிறுவனத்து ஆப்பிலேயே அஞ்சு பட்டை இருக்கும். அதில் நுணுக்கமாக எதுவும் செய்ய முடியாது, ஆனால் பலவற்றில் சேமித்தது ஹெட்போனுக்குள்ளேயே நிற்கும் என்பது ஒரு வசதி.

குமிழ் வரிசையாக நிற்கும் கிராஃபிக் ஈக்யூவைவிட பாராமெட்ரிக்தான் எனக்கு ஒத்துவருகிறது. ஜார்ஜ் மாசன்பர்க் 1972-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வழங்கிவரும் பெயர் அது. எந்த ஹெர்ட்ஸ், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம் ஆகிய மூன்றையும் நாமே சொல்லலாம். அகலத்தைக் 'க்யூ' என்பார்கள், எண் கூடினால் குறுகும். கிராஃபிக்கில் 125-க்கும் 250-க்கும் நடுவே ஒரு மேடு இருந்தால் இரண்டு குமிழையும் இறக்கி அக்கம்பக்கத்தையும் கெடுக்க வேண்டும். பாராமெட்ரிக்கில் நேராக அந்த மேட்டின் தலையில் கை வைக்கலாம்.

முதலில் கை வைக்க வேண்டியது ப்ரீஆம்ப், அதாவது ஒட்டுமொத்த ஒலியளவை ஏற்றி இறக்கும் எண். எங்காவது 5 டெசிபல் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ப்ரீஆம்பை முதலிலேயே மைனஸ் 5-க்கு இறக்கிவிடுங்கள். டிஜிட்டலில் உச்சவரம்புக்கு மேலே இடம் கிடையாது. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் இரண்டு மடங்கு, அது வரம்பில் முட்டி வெட்டுப்படும். தனியில் கோர்வை முடிவில் இரண்டு கையும் சேர்ந்து விழுகிற அடியில் ஒரு 'கர்' கேட்டால் அதுதான்.

இதில் ஒரு வம்பு உண்டு. ப்ரீஆம்பை இறக்கிய பின் ஈக்யூவை ஆன் செய்தால் ஒட்டுமொத்த ஒலியும் குறைவாகக் கேட்கும், ஆஃப் செய்தால் சத்தமாகக் கேட்கும். ஒரே ஒலியைக் கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தாலே நம் காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். பாதிப் பேர் "ஈக்யூ போட்டால் உயிர் போய்விடுகிறது" என்று அழித்துவிடுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதனால் நான் ஒரு வெற்று ப்ரொஃபைல் வைத்திருக்கிறேன். அதில் வடிகட்டி (ஏதோ ஒரு ஹெர்ட்ஸை ஏற்றி இறக்கும் திருத்தம்) ஒன்றும் கிடையாது, ஆனால் ப்ரீஆம்ப் மட்டும் அதே மைனஸ் 5. ஒப்பிட்டுப் பார்ப்பது எப்போதும் அதோடுதான். பேஸை நிறைய ஏற்றிய ப்ரொஃபைல் என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே கீழே சரிசெய்து, பாடகர் குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் வருமாறு வைத்துக்கொள்வேன்.

ஆட்டோஈக்யூ தந்ததை அப்படியே போட்டால் பத்து வடிகட்டிகள் வரும். தொடக்கத்துக்கு அது நல்லது. ஆனால் அதை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. அளந்த ஹெட்போன் வேறு, என் மேஜையில் இருப்பது வேறு. அளந்த செயற்கைக் காதும் என் காது இல்லை. முக்கியமாக 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த வரைபடத்தை நம்பி ஊசி ஊசியாகத் திருத்துவதில் அர்த்தமில்லை. ஹெட்போனைக் கொஞ்சம் முன்னே தள்ளி மாட்டினாலே அங்கே எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் பத்தையும் பார்த்து, பெரியதாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை என் காதுக்கு விட்டுவிடுவேன்.

காதுக்கு விடுவது என்றால், நேரில் நன்றாகத் தெரிந்த ஒரு ஒலியை வைத்துத்தான் திருக வேண்டும். ஸ்டூடியோவில் செய்த பாட்டை வைத்துத் திருகினால் அதைக் கலந்த எஞ்சினியருடைய ரசனையையும் சேர்த்துத் திருத்திக்கொண்டிருப்போம். அந்தப் பாட்டு 'உண்மையில்' எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மிருதங்கம் தெரியும். உங்களுக்கு உங்கள் மனைவியின் குரல் தெரியலாம், தினம் கேட்கும் கோயில் நாகஸ்வரம் தெரியலாம். போனில் சுமாராகப் பதிவு செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் இப்போது வைத்திருப்பது மூடிய வகை ஹெட்போன். பெயர் வேண்டாம். வந்த புதிதில் தொப்பி வீங்கியிருந்தது. பேஸ் அதிகம் என்று நினைத்து 105-க்குக் கீழே முழுவதையும் இறக்கினால், வீக்கம் அப்படியே இருந்தது, ஆழம் மட்டும் போனது. ஆளைக் கெடுத்தது அதற்கு மேலே, 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு மேடு. ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் ஆதார ஷட்ஜம், அதாவது 'ஸ', 131 ஹெர்ட்ஸ் சுற்று. அங்கிருந்து மேல் ஷட்ஜம் வரை இந்த மேடு குறுக்கே படுத்திருந்ததால் அவர் குரலும் ஜலதோஷம் பிடித்தது போல இருந்தது. 200-ல் மைனஸ் 3.5, க்யூ 1 என்று போட்டதும் குரலும் தொப்பியும் ஒரே நேரத்தில் தெளிந்தன. அதன் பிறகு 105-க்குக் கீழே ஷெல்ஃபை (ஒரு எல்லைக்கு அந்தப் பக்கம் முழுவதையும் சேர்த்து ஏற்றி இறக்கும் வடிகட்டியை) 2.5 ஏற்றினேன். கும்கி இப்போது வழுக்குகிறது.

நடுப்பகுதியில், சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை, நான் கை வைப்பதில்லை. வலந்தலை அங்கேதான் வாழ்கிறது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் வருகிற மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் கறுப்பாகப் பூசிய கரணைதான் அவற்றை ஒழுங்கான இசை மடங்குகளுக்குக் கொண்டுவந்து தோலைப் பாடவைக்கிறது. சர் சி.வி. ராமன் 1920-ல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். அந்த மடங்குகளின் விகிதத்தில் ஈக்யூவால் புகுந்து விளையாடினால் மீட்டு, சாப்பு என்கிற அடிகளெல்லாம் வேறு யாரோ வாசிப்பது போல மாறிவிடும். இரண்டு டெசிபல் கூடத் தெரியும்.

3,000 பக்கம் பிடில். ஐந்தரைக் கட்டையில் பாடுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் பிடில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது உங்கள் முகம் சுளித்தால் அங்கே ஒரு டெசிபலோ ஒன்றரையோ குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் பக்கவாத்தியமெல்லாம் திரைக்குப் பின்னால் போய்விடும். அரை மணி கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது, ஏனென்றால் காது எதற்கும் பழகிக்கொள்ளும்.

அடுத்தது 'ஸ்ரீ'. எத்தனை கிருதிகள் இந்த எழுத்தில் ஆரம்பிக்கின்றன! என் ஹெட்போனில் ஒவ்வொரு 'ஸ்ரீ'யும் ஊசியாக இறங்கியது. ஒற்றை ஒலியை வேண்டிய ஹெர்ட்ஸில் எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப்பில், சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, 5,000-லிருந்து 10,000 வரை மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் திடீரென்று எகிறும். எனக்கு அது 8,200. கொஞ்சம் என் காதுக் குழாயின் குணமும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் முழுவதையும் வெட்டாமல் மைனஸ் 4, க்யூ 4 மட்டும் போட்டேன். அதிகமாக வெட்டினேனா என்று பார்ப்பதற்குத் தம்பூரா. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் அது 'ரீங்' என்று பூக்கும் அல்லவா, அந்த மினுக்கல் இருக்கிறதா என்று கேட்பேன். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். அதில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரையும் சேர்த்துத்தான் பதிவு வந்திருக்கும்.

12,000-க்கு மேல் நான் ஒன்றும் செய்வதில்லை. என் வயதில் அங்கே கேட்பதே சொற்பம்.

ராத்திரிக்குத் தனி ப்ரொஃபைல் உண்டு. சத்தம் குறையக் குறையக் காது பேஸை முதலில் கைவிடும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதைக் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காக வந்ததுதான். நம் ஊரில் அதை எப்போதும் அழுத்தியே வைத்திருந்தோம் என்பது வேறு விஷயம். எல்லோரும் தூங்கிய பிறகு மெல்லக் கேட்கும்போது ஷெல்ஃபை 2.5-லிருந்து 5-க்கு ஏற்றுகிறேன், ப்ரீஆம்பும் அதற்குத் தக்கபடி இறங்கும். பகலில் அதே ப்ரொஃபைலைப் போட்டுச் சத்தம் வைத்தால் என் மகளுடைய கட்சியில் சேர்ந்துவிட்டது போல இருக்கும்.

பழைய சபா கேசட்டுகளிலிருந்து மாற்றிய பதிவுகளுக்கு ஈக்யூ பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பது வெறும் 'உஸ்'. ஏற்றினால் உஸ்தான் ஏறும். ஒரு ஹை ஷெல்ஃபைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பாடுகிறவரைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அப்புறம் மூக்குக் கண்ணாடி. மூடிய ஹெட்போனில் கண்ணாடிக் காம்பு பஞ்சுக்கும் தலைக்கும் நடுவே சின்ன இடுக்கு உண்டாக்கும். பேஸ் அந்த வழியாக ஓடிவிடும். கண்ணாடியைக் கழற்றி மாட்டி ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எந்தக் குமிழும் செய்யாத வித்தியாசத்தை அது செய்யும். நான் கண்ணாடியோடுதான் கணக்குப் பார்க்கிறேன், கண்ணாடி இல்லாமல்தான் கச்சேரி கேட்கிறேன், ஆகவே இரண்டுக்கும் ஒரே ப்ரொஃபைல் பொருந்தாது. காதுக்குள் செருகும் வகை என்றால் ரப்பர் நுனியின் அளவு இதே வேலையைச் செய்யும். பெரியதோ சின்னதோ மாற்றிப் பார்க்காமல் ஈக்யூவில் பேஸ் ஏற்றக் கூடாது.

பஞ்சும் அப்படித்தான். என்னுடையது அழுத்திப்போய்த் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. காது ஸ்பீக்கருக்கு நெருங்கி வந்ததால் 8,200-ல் இருந்த எகிறல் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. புதுப் பஞ்சு சொல்லியிருக்கிறேன். அது வந்து மாட்டியதும் முதலில் 200-ல் இருக்கும் குறைப்பை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். மேடு ஹெட்போனுடையதா, பழைய பஞ்சினுடையதா என்பது அப்போது தெரிந்துவிடும்.